குழிக்குக் காவல்

மழை விட்ட மறுநாள் காலை, எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் தரை உள்வாங்கியிருந்தது. ஒரு ஆட்டோ இறங்கிவிடும் அளவுக்கு வாய், உள்ளே இருட்டு. கீழே பழைய தங்கச் சுரங்கம் ஓடுகிற ஊரில் இது யாருக்கும் அதிசயமில்லை.

குழி விழுந்தால் எங்கள் ஆட்கள் கல் போட்டுப் பார்ப்பார்கள். கல் விழுகிற சத்தத்தை வைத்து ஆழம் சொல்வார்கள். ஒருவர் சொன்னதை அடுத்தவர் நம்பமாட்டார். அவரவர் விளிம்புவரை போய், அவரவர் கல்லைப் போட்டாக வேண்டும்.

நான் பாத்ரூம் சுவர்மேல் ஏறி செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். பெங்களூர் வேலையில் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அன்றும் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் பெங்களூர் ரயிலைப் பிடிக்க வேண்டும். அந்த உயரத்திலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, கல் போட வந்தவர்கள் நின்ற இடத்துக்கு அடியில் மண்ணே இல்லை. விளிம்பு வெறும் தாழ்வாரம்போல நீட்டிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் வருவார்கள்.

இறங்கி சுரங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் கன்னடத்தில் பேசினார். ஆள் அனுப்புகிறோம், அதுவரை யாரையும் பக்கத்தில் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். யார் பார்த்துக்கொள்வது என்று கேட்டேன். போன் செய்தது நீங்கள்தானே என்றார்.

அப்பாவிடம் சொன்னேன். அவர் பள்ளிக்கூடப் பக்கமே போகாதவர். என் வேலை போய்விடுமோ என்பதுதான் அவருடைய ஒரே கவலை.

"நீ போய் ட்ரெயின புடி. பெரியவங்க இருக்காங்க இல்ல?"

பெரியவர்கள் கையில் கல்லோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

கொடியிலிருந்த துணிகளை அம்மா கையில் திணித்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து முருங்கை மரத்துக்கும் குழாய்க் கம்பத்துக்கும் நடுவில் கட்டினேன். கல்லோடு வந்தவர்கள் அதற்கடியில் குனிந்து நுழைந்து போனார்கள். அடுத்த வீட்டு ஆட்டோக்கார அண்ணன் உள்ளே நின்றபடியே கேட்டார்:

"இன்னா தம்பி, ரிப்பன் கட்டிட்ட? எம்மெல்லே எப்போ வராரு?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"அண்ணே, நீ நிக்கிற எடத்துக்குக் கீழ மண்ணு இல்ல. செவுரு மேல ஏறிப் பாரு. மொதல்ல இந்தாண்ட வாண்ணே."

அவர் தன் காலைப் பார்த்தார். மெல்லப் பின்வாங்கி வெளியே வந்தார். கையிலிருந்த கல்லைச் சத்தமில்லாமல் தரையில் வைத்தார். அதற்குப் பிறகு சிலர் தாமாகவே வெளியே வந்தார்கள்.

ரயிலின் ஹாரன் கேட்டது. மேனேஜருக்கு என்னவென்று எழுதுவது? வீட்டுக்குப் பின்னால் குழி என்றால் அவருக்குப் புரியாது. எழுதி அழித்து, கடைசியில் 'இன்று வர முடியவில்லை' என்று மட்டும் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இல்லை.

பிள்ளைகள் வந்தார்கள். மெயின் ரோட்டுப் பக்கம் திருப்பிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள். ஆபீஸ் ஆட்களைக் காணவில்லை.

ஆட்டோக்கார அண்ணன் ஒரு சேரைக் கொண்டுவந்து கயிற்றுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார்.

"போய் ரெண்டு வாய் துன்னுட்டு வா. இந்த ஷிப்ட் என்னுது."

உப்புமாவைப் பிசைந்துகொண்டிருக்கும்போதே பின்பக்கம் பேச்சுக்குரல் உயர்ந்தது. எச்சில் கையோடு ஓடினேன். கயிற்றுக்கு உள்ளே அப்பா. கையில் கல். அண்ணன் எழுந்து நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். தன் வீட்டுக்குப் பின்னால் விழுந்த குழியைத் தான் வெளியாள் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டுமா என்று அப்பா வாதாடிக்கொண்டிருந்தார்.

"நைனா, வெளிய வா."

அப்பாவிடம் நான் அப்படி அதட்டிப் பேசியதில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் குதிகாலுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பிடி மண் சரிந்தது. அது விழுந்த சத்தமே கேட்கவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு வந்தார். கயிற்றைத் தாண்டும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ட்ரெயின் போச்சா?"

"போச்சி."

"அப்போ எனுக்கும் ஒரு சேர் எடுத்துனு வா."

அவரைக் கயிற்றுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டுச் சேர் எடுக்கப் போக எனக்குத் தைரியம் வரவில்லை.