இருவாச்சிக் கூட்டைக் காட்டினவன்

டெரிக் சாரைப் பத்தி யாராவது தப்பாப் பேசினா எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வரும். அந்தக் கோவந்தான் எல்லாத்தையும் கெடுத்துச்சு.

பெங்களூர் காக்ஸ் டவுன்ல ஒத்தை ரூம்ல தனியா இருக்கிற மனுஷன். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ஸ்கூல் லேப்ல அட்டெண்டர். சனிக்கிழமையானா சிக்மகளூர் தாண்டி மழைக்காட்டுக்கு ஐடி பசங்களைக் கூட்டிட்டுப் போற கைடு. அடுகோடியிலேருந்து வேன் ஓட்டற நான், சீனு, ஏழு வருஷமா அவருக்கு டிரைவர்.

அங்க ஒரு மரப்பொந்துல இருவாச்சிப் பறவையோட கூடு. என்னை மட்டும் ஒரு தடவை கூட்டிட்டுப் போய் தூரத்துலேருந்து காட்டினார். "பொட்டை உள்ள போய் வாசலை அடைச்சுக்கும் சீனு. றெக்கை உதிர்ந்துடும், பறக்க முடியாது. ஆண் கொண்டாற பழந்தான் அதுக்கும் குஞ்சுக்கும் உசிரு. ஆளைப் பாத்தா ஆண் கிட்ட வராது. யார்கிட்டயும் மூச்சு விடாதே."

சரின்னேன்.

போன மார்ச்சுல வந்த கூட்டத்துல தருண்னு ஒருத்தன். பெரிய கேமரா, அதை விடப் பெரிய வாய். "அட்டைக்கு ரத்தம் குடுக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்? இந்த ஆளுக்கு ஒண்ணும் தெரியலை, பாசியைக் காட்றான்" அப்படின்னான். டெரிக் சார் அப்ப ஓடைக்கிட்ட, கால் பிசகின பொண்ணுக்குக் கட்டுப் போட்டுட்டு இருந்தார்.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு. "யாருக்குடா தெரியாது? வா, காட்றேன்!"

நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க?

நாலு பேரை மரத்துக்கு நேர் கீழயே கொண்டுபோய் நிறுத்தினேன். ஆண் பறவை அலகுல பழத்தோட வந்துச்சு. எங்களைப் பாத்துட்டுத் தூர மரத்துல உக்காந்து கத்துச்சு. போச்சு. மறுபடி வந்துச்சு, போச்சு. "ஒரே ஒரு ஷாட்ணா" அப்படின்னான் தருண். அண்ணான்னு கூப்பிட்டுட்டானேன்னு ஒரு மணி நேரம் நின்னேன். மறுநாள் விடியக்காலை, என்னைக் கேக்காம அவனுங்களே போய் மத்தியானம் வரைக்கும் கிடந்திருக்கானுங்க. அது எனக்குத் திரும்பி வர்றப்ப வேன்லதான் தெரிஞ்சுது. அப்பவும் சார்கிட்ட சொல்லலை.

அடுத்த சனிக்கிழமை காட்டு கேட்லயே ஃபாரஸ்ட் கார்டு மறிச்சார். ஆண் வர்றதே நின்னு போச்சாம். பொட்டை பசி தாங்காம அடைப்பை உடைச்சு வெளிய வந்துடுச்சு. குஞ்சு மரத்தடியில எறும்பு மொய்ச்சுக் கிடந்துச்சாம்.

"யாரு தோர்சித்து?" கன்னடத்துல கத்தினார். யாரு காட்டினதுன்னு.

டெரிக் சார் திரும்பி என்னைப் பாத்தார். ஒரே பார்வை. என் மூஞ்சியிலயே எழுதியிருந்திருக்கும்.

"நான்தான்" அப்படின்னார்.

அவரோட கைடு பாஸைப் பிடுங்கிக்கிட்டாங்க. இனி அந்தக் காட்டுல கால் வைக்கக் கூடாதுன்னுட்டாங்க. நான் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். தூ!

காக்ஸ் டவுன்ல இறக்கிவிடும்போது அழுதுட்டேன். "ஏன் சார் சொன்னீங்க?"

"உனக்கு வேலை போயிடும்பா, வீட்ல பிள்ளைங்க இருக்கு. எனக்கு சனிக்கிழமை மட்டுந்தானே போச்சு."

அந்த மனுஷனுக்கு சனிக்கிழமையைத் தவிர வேற என்ன இருந்துச்சு?

இப்ப வேற கைடு வர்றார். இன்னிக்கு உண்மையைச் சொல்லிடணும்னு வாராவாரம் நெனைச்சுக்கிட்டேதான் வண்டியை எடுக்கறேன். கேட்ல நிறுத்தறேன், கார்டுக்கு வணக்கம் வைக்கிறேன், கையெழுத்துப் போட்டுட்டு உள்ள போயிடறேன்.