மல்லிகா டீச்சர் கைமாற்றிக் கொடுத்த கடைசி லைஃப்

“பறக்கத் தெரிஞ்சவன் எதுக்கு சார் நடந்து போறான்?”

என்னிடம் இப்படி ஒரு கேள்வி கேட்ட மல்லிகா டீச்சர் இன்று காலை தஞ்சாவூரில் காலமாகிவிட்டார்.

பூதலூர் பள்ளியில் நான் அறிவியல் எடுத்தேன், அவர் கணக்கு. பல வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூம்... பழைய மாணவர்கள் நிறைய பேர் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

ஸ்டேஷன் ரோட்டில் ஜெயபால் வீடு ஞாபகம் இருக்கிறதா? சிங்கப்பூரில் இருந்து வந்தபோது ஒரு வீடியோ கேம் பெட்டி கொண்டுவந்து முன்னறையில் வைத்திருந்தாரே, அந்த வீடுதான்.

மதியம் வகுப்புக்கு வராத பையன்களைப் பிடித்துவரச் சொல்லி ஹெட்மாஸ்டர் எங்கள் இரண்டு பேரையும் அங்கே அனுப்பினார். உள்ளே போனோம். டீச்சரைப் பார்த்ததும், திரும்பிப் பார்க்காமல் ஆடிக்கொண்டிருந்த ஒருவனைத் தவிர மற்ற பையன்கள் அப்படியே உறைந்துவிட்டார்கள்.

டிவியில் முகமூடி போட்ட ஒருவன், நீல அங்கி காற்றில் அடிக்க, கட்டடத்துக்குக் கட்டடம் பறந்துகொண்டிருந்தான். அதுவரை சூப்பர் ஹீரோ என்றால் எங்களுக்குப் படத்தில் பார்க்கிற ஆள். இங்கே ஒரு பையன் கட்டைவிரலை அழுத்தினால் அவன் பறக்கிறான்... நான் வாய் பிளந்து நின்றேன்.

கொஞ்ச தூரம் பறந்தவன் கீழே இறங்கி நடக்க ஆரம்பித்தான். அப்போதுதான் டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“மேல ஒரு மஞ்சக் கோடு இருக்குல்ல டீச்சர்... அது தீர்ந்துட்டா பறக்க முடியாது. நடந்தா திரும்ப ஏறும்” என்றான் ஒருவன்.

“சரி, இதோட முடிவு என்ன?”

“யாருமே பார்த்ததில்ல டீச்சர்.”

அவ்வளவுதான். பையன்களைப் பள்ளிக்கு ஓட்டிக்கொண்டு வந்தோம். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் டீச்சர் தனியாக ஜெயபால் வீட்டுக்குப் போயிருக்கிறார். “முடிவைப் பார்த்துட்டுத்தான் சார் விடுவேன்” என்று என்னிடம் சொன்னார். அடுத்த வாரத்தில் இருந்து நானும் போனேன், வேடிக்கை பார்க்க.

டீச்சருக்குச் சொந்த ஊர் பட்டுக்கோட்டைக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் போய் முடிகிற கடைமடை. கல்லணையில் தண்ணீர் திறந்தால் பூதலூர்க்காரர்களுக்குச் சீக்கிரமே வந்துவிடும். அவர் ஊரில் வந்தாலும் உண்டு, வராமல் போனாலும் உண்டு.

அதனால் அந்த அறையில் ஒரு முறை வைத்தார். ஒரு லைஃப் போனால் ரிமோட் கைமாற வேண்டும், அதுவும் கடைசியில் உட்கார்ந்திருப்பவருக்கு.

“டிவி பக்கத்துல இருக்கறவனுக்கே பாஞ்சுட்டு இருந்தா எப்படி? கடைமடைக்கு முதல்ல விடு.”

பையன்கள் முணுமுணுத்தாலும் கேட்டார்கள். வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடும் டெல்டாவில் பிறந்த பிள்ளைகளுக்கு முறை என்றால் என்ன என்று விளக்க வேண்டியதில்லை.

ஒரு ஞாயிறு... கடைசி ஸ்டேஜ் வந்துவிட்டது. பெரிய இரும்புக் கதவு. அதற்கு முன்னால் டீச்சரின் லைஃப் போனது. மிச்சம் ஒன்றே ஒன்று.

டீச்சர் திரும்பிப் பார்த்தார். வாசல்படி ஓரம், சத்தம் கேட்டு அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார் ஜெயபாலின் மனைவி செல்வி. அந்த ரிமோட்டை அவர் ஒருநாள்கூடத் தொட்டதில்லை.

“டீச்சர், வேணாம் டீச்சர். இன்னிக்கு ஒருநாள் நீங்களே ஆடுங்க” என்று பையன்கள் கெஞ்சினார்கள்.

“அவளுக்கு மிக்சியே ஓட்டத் தெரியாதுங்க” என்றார் ஜெயபால்.

“ஆமா, இவரு ராக்கெட் ஓட்டிட்டு வந்தவரு” என்றார் செல்வி.

டீச்சர் கையில் ரிமோட் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. அந்த முடிவை அவர் எவ்வளவு ஆசைப்பட்டுக் காத்திருந்தார் என்று எனக்குத் தெரியும். பிறகு எழுந்து போய் செல்வியிடம் கொடுத்தார். “முறைன்னா முறைதான். பிடிங்க.”

செல்வி பயத்தில் இரண்டு கையாலும் எல்லா பட்டனையும் சேர்த்து இறுக்கிப் பிடித்துவிட்டார்.

ஹீரோ மேலே போனான். கதவைத் தாண்டி, கட்டடத்தைத் தாண்டி... மஞ்சள் கோடு குறையவே இல்லை. மேகம் வந்தது. நீலம் கறுப்பானது. பிறகு நட்சத்திரங்கள்.

இசை நின்றுவிட்டது. அங்கி மட்டும் அசைய, அவன் தனியாகப் போய்க்கொண்டே இருந்தான். அப்படி ஓர் இடம் அந்த கேம் கேசட்டுக்குள் இருக்கிறது என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

“விட்றாதீங்க அக்கா” என்று ஒருவன் மெதுவாகச் சொன்னான். நான் டீச்சரைப் பார்த்தேன். கும்பிடுவதுபோல இரண்டு கையையும் சேர்த்து வைத்திருந்தார்.

கரண்ட் போனது.

திரும்ப வந்தபோது ஹை வோல்டேஜ். பெட்டியில் இருந்து புகை... அதோடு சரி. இன்னொரு பெட்டி பூதலூருக்கு வரவில்லை.

போன மாதம் டீச்சரை ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். அந்த கேமை முழுசாக ஆடி யாரோ இணையத்தில் போட்டிருந்ததை என் மகன் தேடித் தந்திருந்தான். செல்போனை நீட்டினேன். “முடிவு இருக்கு டீச்சர், பாக்கறீங்களா?”

“யாரோ ஆடினதை நான் எதுக்கு சார் பாக்கணும்... செல்வி போன இடம் வருதான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க.”

பக்கத்திலேயே உட்கார்ந்து கிடைத்த வீடியோ எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தேன். எல்லோரும் அந்தக் கதவு வழியாகத்தான் போகிறார்கள். மேலே யாரும் போகவில்லை.

“எதுலயும் இல்ல டீச்சர்.”

அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். “அப்ப அதை நாம மட்டும்தான் பாத்துருக்கோம்” என்றார். அப்படி ஒரு சிரிப்பு.

போய்வாருங்கள் டீச்சர்.

உங்கள் வீட்டில் யாராவது கேம் ஆடிக்கொண்டிருந்தால், இதுவரை அதைத் தொடாத ஒருவர் கையில் ஓர் ஆட்டம் கொடுத்துப் பாருங்கள்.