சூட்டோடு நிறுத்திய வண்டி

அன்று ஷெட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான், என் அக்கா வீட்டுக்காரர், சோறு கொண்டுவந்த அக்கா, காருக்குச் சொந்தக்காரர், போர்வெல் போடும் ரிக் வண்டியின் ஃபோர்மேன். எதிர் டீக்கடையிலிருந்து லாரிக்காரர்கள் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களைச் சேர்க்க வேண்டியதில்லை. இவ்வளவு சரியாக ஏன் சொல்கிறேன் என்றால், அந்த ஐந்து பேரில் யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்பதைத்தான் இத்தனை வருஷமாக எனக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எண்பதுகளில் பாதி போயிருந்தது. பெங்களூர் ரோட்டில், தொப்பூர் மலை ஏற்றம் ஆரம்பிக்கிற இடத்தில் எங்கள் ஷெட். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்பேன். பதினோரு வருஷம் லாரி ஓட்டியவர். வெல்டிங்கும் இன்ஜின் வேலையும் ரோட்டிலேயே கற்றுக்கொண்டவர். ‘இனிமேல் லாரி வேண்டாம், மாசத்தில் நாலு நாள்தான் வீட்டில் இருக்கிறீங்க’ என்று அக்கா அழுததால் இறங்கி வந்து, என்னோடு சேர்ந்து ஷெட் போட்டார். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஸ்பானர் பிடிக்கத் தெரியும். அதைவிட நன்றாகப் பயப்படத் தெரியும். லாரிக்கு ஜாக்கி வைத்தால் மற்ற சக்கரங்களுக்குத் தலா இரண்டு கல் முட்டுக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மறுபடி போய்ப் பார்ப்பேன்.

“மாப்ள, அந்தக் கல்லு ஓடிப்போயிரப் போவுது, அதுக்கும் ஒரு கல்லு முட்டுக் குடுத்துருடா” என்பார் மாமா.

ஷெட் வருமானம் இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை. அவர் மறுபடி லாரிக்கே போக வேண்டியதுதான் என்கிற பேச்சு வீட்டில் வந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் அந்தக் கார் வந்தது.

கூரை இல்லாத, இரண்டே சீட்டுள்ள பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். சொந்தக்காரர் பாலக்கோட்டுப் பக்கம். தக்காளி மண்டிக் குடும்பம். பெங்களூரில் தொழில் செய்துகொண்டிருந்தார். ஒருநாள் ஏற்றத்தில் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்து நின்றபோது, மாமா லாரி ஹோஸை வெட்டி மாட்டி அனுப்பிவைத்தார். அதிலிருந்து அவருக்கு மாமா மேல் ஒரு பிடிப்பு. பிறகு ஒருமுறை வந்தபோது வெளிநாட்டுப் புத்தகம் ஒன்றைப் பிரித்துக் காட்டி, “இந்த டர்போவ நம்ம வண்டிக்கு மாட்ட முடியுங்களா?” என்று கேட்டார்.

மாமா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “முடியுங்க” என்றார்.

டர்போ என்றால் என்னவென்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. மாமாதான் சொன்னார். சாதாரண இன்ஜின் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இழுத்துக்கொள்ளும். டர்போ வைத்தால், வெளியே போகிற புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கிற இன்னொரு சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் பெட்ரோல் கூடும், பெட்ரோல் கூடினால் இழுவை கூடும்.

“வெடிச்சிராதுங்களா மாமா?”

“உன்னைய வெச்சித் திணிச்சாத்தான் வெடிக்கும்.”

சொந்தக்காரர் ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். பெங்களூரில் இதுபோன்ற கார்களுக்கென்றே ஒரு ஒர்க்‌ஷாப் ஆரம்பிக்கப்போகிறார். இந்த வண்டி நன்றாக ஓடினால் அதற்குத் தலைமை மெக்கானிக் மாமாதான். மாசச் சம்பளம், இருக்க வீடு. இல்லையென்றால் மாமாவுக்கு லாரி. அக்கா அதற்குள் பாத்திரங்களில் எதை எடுத்துப் போவது, எதை விட்டுப் போவது என்று பிரித்து வைக்க ஆரம்பித்திருந்தாள்.

டர்போ கிடைத்தது ரிக் ஃபோர்மேனிடம். போர் போடும் வண்டியில் கம்ப்ரசரை ஓட்டும் டீசல் இன்ஜினில் அது இருக்கும். அவரிடம் கழற்றிப்போட்டது ஒன்று இருந்தது. எங்கள் காருக்கு அது பெரிய சைஸ்தான். மூன்று வாரம் வேலை. குழாயை வெட்டி வளைத்து மாமா பற்றவைத்தார். உள்ளே அழுத்தம் அதிகமாகிவிடக் கூடாது என்று இன்ஜின் மூடியான ஹெட்டுக்கு அடியில், இடுக்கை அடைக்கிற கேஸ்கெட் ஒன்றுக்கு இரண்டாகப் போட்டோம். டர்போவின் தண்டுக்கு ஆயில் போவதற்கு, இன்ஜின் ஆயில் வழியிலிருந்து பிரேக் குழாயால் ஒரு கிளை எடுத்துக் கொடுத்தோம். அந்த ஆயில்தான் தண்டுக்கு உயிர் என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சில் காலைப் பூசை முடிந்து நான் நேராக ஷெட்டுக்கு வந்தேன். ஃபோர்மேன் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார். மாமா பெட்ரோல் வாங்கப் போயிருந்தார். பழத்தை வைத்துவிட்டு எழுந்த ஃபோர்மேன் என்னிடம்தான் சொன்னார்.

“தம்பி, ஒன்னு ஞாபகம் வெச்சுக்கோங்க. நல்லா இழுத்து ஓட்டிட்டு உடனே ஆஃப் பண்ணிரக் கூடாது. அஞ்சு நிமிஷம் சும்மா ஓட வுட்டுத்தான் நிறுத்தணும். சக்கரம் செவச் செவன்னு காஞ்சிருக்கும். இன்ஜின் நின்னா ஆயில் நின்னுரும். ஆயில் நின்னா தண்டு வெந்துரும். மாமாகிட்ட சொல்லிருங்க.”

“சொல்லிர்றனுங்க” என்றேன்.

அப்போது எந்த இன்ஜினும் ஓடவில்லை. ரோட்டில் லாரி கூட இல்லை. அவர் சொன்னது ஒவ்வொரு எழுத்தும் என் காதில் விழுந்தது.

மாமா வந்ததும் நான் வேறு எதையெல்லாமோ கேட்க ஆரம்பித்துவிட்டேன். பெட்ரோல் ஒழுகுகிறதா பாருங்க. பிரேக்கை இன்னொரு தரம் மிதிச்சிப் பாருங்க. குழாய் சூட்டில் வயர் உருகிராதுங்களா. முன்னால் தண்ணி வாளி ஒன்று வைத்துக்கொள்ளலாமா. அவர் முதலில் சிரித்தார், அப்புறம் பதில் சொன்னார், அப்புறம் முதுகைக் காட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார். கடைசியில் சொந்தக்காரர் முன்னாலேயே திரும்பி, “இன்னும் ஒரு வார்த்த பேசுன, உன்னைய இங்கயே வுட்டுட்டுப் போயிருவேன்டா. வாயிக்கு ரெண்டு கேஸ்கெட்டு போட்டுக்க” என்றார்.

சொந்தக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். சோற்றுக் கூடையோடு நின்றிருந்த அக்காவும் சிரித்தாள். எனக்கு முகம் சுருங்கிப்போனது. பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து வாயை மூடிக்கொண்டேன்.

ஏற்றத்தில் முதல் அரை மைல் ஒன்றும் தெரியவில்லை. பின்னால் நீலப் புகை வந்தது, அவ்வளவுதான். மாமா கியரைக் குறைத்து மிதித்தார். உள்ளேயிருந்து ஒரு விசில் சத்தம் கிளம்பி ஏறிக்கொண்டே போனது. திடீரென்று யாரோ பின்னாலிருந்து எட்டி உதைத்த மாதிரி கார் பாய்ந்தது. மரவட்டை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்த லாரிகளை ஒன்று, இரண்டு, மூன்று என்று தாண்டினோம். மாமா கத்தினார். பதினோரு வருஷம் அதே ஏற்றத்தில் முதல் கியரில் முனகிக்கொண்டு ஏறியவர். அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மேலே போய்க் காரைத் திருப்பினார். இறக்கம் ஆரம்பிக்கிற இடத்தில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டு, சாவியைத் திருப்பி இன்ஜினை நிறுத்தினார்.

தொப்பூர் இறக்கத்தில் லாரிக்காரர்கள் அன்றைக்கெல்லாம் அப்படித்தான் செய்வார்கள். டீசல் மிச்சம். தப்பு என்று போர்டு வைத்தாலும் செய்வார்கள். மாமாவின் கை அதைத் தானாகச் செய்தது. பதினோரு வருஷப் பழக்கம். அந்த இடம் வந்தால் கை சாவிக்குப் போய்விடும்.

நான் அந்தக் கையைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன்.

அவர் திரும்பினார். “என்னடா?”

“ஒன்னுமில்லீங்க மாமா.”

இவ்வளவுதான் நான் செய்தது. நாள் முழுக்க வேண்டாத எல்லாவற்றையும் கேட்டவன், வேண்டிய ஒன்றை முழுங்கினேன். மறுபடி எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரிப்பாரே என்று நினைத்தேன். ஒரு தரம் நிறுத்தினால் என்ன ஆகிவிடும் என்றும் நினைத்தேன். மற்ற எல்லாவற்றுக்கும் செத்துச் செத்துப் பிழைக்கிற எனக்கு, அந்த ஒரு விஷயத்தில் எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ. கார் சத்தமில்லாமல் கீழே உருண்டது. காற்று மட்டும் காதில் அடித்தது. ஆயில் கருகுகிற வாசம் லேசாக வந்தது. கோணை வளைவுகளில் மாமா பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டில் வந்து நின்றதும் சொந்தக்காரர் மாமாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். “அடுத்த மாசம் ஒன்னாந் தேதி வந்துருங்க. வூடு பாத்து வெச்சிர்றேன்” என்றார். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். எல்லாரும் சாப்பிட்டோம். அப்போதாவது ஃபோர்மேனைத் தனியாகக் கூப்பிட்டு, ‘இப்படி ஆயிருச்சுங்க, கொஞ்சம் கழற்றிப் பாருங்க’ என்று சொல்லியிருக்கலாம். அரை மணி நேரம் இருந்தது.

அடுத்து சொந்தக்காரர் ஓட்டினார். மாமா பக்கத்தில். நாங்கள் மூன்று பேரும் ரோட்டில் நின்று பார்த்தோம். முதல் வளைவு தாண்டியதும் விசில் சத்தம் வந்தது. ஆனால் முதல் தடவை மாதிரி இல்லை. கல்லில் இரும்பைத் தேய்த்த மாதிரி ஒரு சத்தம் கூடவே வந்தது. ஃபோர்மேன் தலையை நிமிர்த்தினார். பட்டென்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை. வளைவுக்குப் பின்னாலிருந்து புகை மட்டும் எழும்பியது.

நான்தான் முதலில் ஓடினேன். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. காரை ஒரு தக்காளி லாரியில் கயிறு கட்டி இறக்கினோம். ஃபோர்மேன் டர்போவைக் கழற்றிப் பிரித்தார். தண்டு கருநீலமாக வெந்து இறுகிப்போயிருந்தது. காற்றுச் சக்கரத்தின் இறக்கைகள் உடைந்து, அந்தத் துண்டுகளை இன்ஜின் உள்ளே இழுத்துவிட்டது. பிஸ்டன், வால்வு எல்லாம் போய்விட்டது.

“சூட்டோட நிறுத்தியிருக்கீங்க” என்றார் ஃபோர்மேன்.

“எறக்கத்துல நான்தாங்க ஆஃப் பண்ணேன்” என்றார் மாமா.

“ஏங்க, அஞ்சு நிமிஷம் ஓட வுடச் சொன்னேனே?”

“யாருகிட்டங்க சொன்னீங்க?”

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும்.

“எனக்குக் கேக்கலீங்க. லாரி சத்தத்துல...” என்றேன்.

அது பொய் என்று ஃபோர்மேனுக்குத் தெரியும். “அப்ப நான் ரெண்டு தரம் சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான்” என்று கையைத் துடைத்துக்கொண்டார். அவர் என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

“அவுரு சொல்லாட்டி என்னங்க? தெரியாத வேலையில எறங்குனவன் நான். கேட்டுத் தெரிஞ்சிருக்கணும்” என்று மாமா சொந்தக்காரரிடம் சொன்னார். சொந்தக்காரர் கோபப்படவில்லை. மரியாதையாகத்தான் பேசினார். ஆனால் ஒன்றாம் தேதி பற்றிப் பேச்சில்லை. அதற்கப்புறம் ‘வாங்க போங்க’ மட்டும்தான், அந்தப் பிடிப்பு போய்விட்டது. இன்ஜினுக்குச் சாமான் வாங்கிய கணக்கு ஒரு வாரத்தில் வந்தது: ஆறாயிரம் ரூபாய்.

மாமா மறுமாசம் லாரி ஏறினார். அக்கா பாத்திரங்களைத் திரும்ப அலமாரியில் அடுக்கினாள். அவள் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இன்னும் பதினாலு வருஷம் மாமா ஓட்டினார். பிள்ளைகள் அப்பாவை விருந்தாளி மாதிரிப் பார்த்து வளர்ந்தார்கள். இடுப்பு போய், உட்கார்ந்தால் எழ முடியாது என்கிற நிலையில்தான் இறங்கினார்.

அந்த ஆறாயிரத்தையும் அவரே, லாரியில் சாப்பாட்டுச் செலவுக்குத் தரும் பேட்டாக் காசிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அடைத்தார். ஷெட்டில் எனக்கும் அவருக்கும் சரிபாதி என்பதால் என் பங்கு மூவாயிரம். இரண்டு தவணையில் எண்ணூறு கொடுத்தேன். மூன்றாவது தவணை எடுத்துக்கொண்டு போனபோது, “வெச்சிக்கடா, புள்ளைக்குப் பால் வாங்கு. நான் பண்ண தப்புக்கு நீ எதுக்கு அழுவுற?” என்றார். அதோடு என்னால் கொடுக்க முடியவில்லை. பாதியைக் கொடுத்தால் பாதித் தப்புதான் என்னுடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும், அதுவும் பொய்.

இன்றைக்கும் வாரம் ஒருமுறை அவர் வீட்டுக்குப் போகிறேன். இடுப்புக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். ஒவ்வொரு தடவையும் படி ஏறும்போது, இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைக்கிறேன். சொல்லாமல் கொடுப்பதென்றால் நான் அவருக்குத் தர வேண்டியது இரண்டாயிரத்து இருநூறு. சொல்லிவிட்டுக் கொடுப்பதென்றால் ஐயாயிரத்து இருநூறு ரூபாய்.