வியாகுலம் சேர்த்த கால்சட்டைகள்

ராமநாதபுரத்து வெயிலில் பனிக்காகத் தைத்த கால்சட்டையை எவனாவது வாங்குவானா? எங்கள் பாம்பன் வியாகுலம் வாங்கினான். அதுவும் ஒன்றிரண்டு இல்லை, கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினான்.

யுத்தம் முடிந்து வெள்ளைக்காரன் மூட்டை கட்டிப் போயிருந்த சமயம். பட்டாளத்தில் மிஞ்சிய சாமான்களை ஏலத்தில் எடுத்து ராமநாதபுரம் சந்தையில் பரப்பி வைத்திருந்தார் சுஐபு ராவுத்தர். பனிமலையில் இறங்கிச் சண்டை போடுகிற தனிப்படைக்காரர்களுக்கென்று கொடுத்த கால்சட்டைகளும் அதில் கிடந்தன. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாய்ச் சாயம். போட்டவன் அவிந்தே போவான் என்று ஒருவரும் தொடவில்லை. வியாகுலம் ஒன்றை எடுத்து வாயில் வைத்து ஊதிப் பார்த்தான். மூச்சு அந்தப் பக்கம் போகவில்லை. காற்றை இப்படிப் பிடித்து நிறுத்துகிற துணி படகுக்குப் பாயானால் எப்படி இருக்கும்? அன்றைக்குப் பிடித்தது அவனுக்குப் பைத்தியம்.

அவனிடம் வத்தை என்கிற பழைய சிறு படகு ஒன்று இருந்தது, பாய் இல்லை. முதலாளியின் பாயைக் கட்டிக்கொண்டு போனால் பிடிக்கிற மீனில் பெரும்பங்கு அவருக்கே போய்விடும். வியாகுலத்தின் தகப்பன் அப்படியே உழைத்து அப்படியே செத்தான். ஒரே மகன் வேதமுத்துவாவது அடுத்தவன் பாயில் ஓடக்கூடாது என்பதுதான் வியாகுலத்துக்கு இருந்த ஒரே ஆசை.

கருவாட்டைச் சுமந்து போவான், கால்சட்டையோடு திரும்புவான். பாலத்து ரயில் வேலைக்காரர் ஒருவர் அதில் ஒன்றைத் தலையணையாக மடித்து வைத்திருந்தார். அதையும் நண்டு கொடுத்து வாங்கிவந்தான். தொரை ஆகப் போறியாப்பா என்று நாங்கள் கேலி பேசினோம். முட்டி தேய்ந்த இடத்தையும் இடுப்பையும் வெட்டிப் போட்டால் ஒரு கால்சட்டையில் தேறுகிற துணி கொஞ்சம்தான். சேர்ந்து முடிய வருஷங்கள் ஆயின. மீசை இல்லாமல் இருந்த வேதமுத்துவுக்கு அதற்குள் மீசை அரும்பிவிட்டது.

கடைசியில் அவனும் பெண்டாட்டி மிக்கேலம்மாளுமாக உட்கார்ந்து தைத்தார்கள். எங்கள் பக்கத்தில் பாய் தைக்கும்போது ஒரே ஒரு தையலை மட்டும் நைந்த நூலில் ஓட்டிவிடுவோம். பேய்க்காற்று அடித்தால் அந்த இடம் பிரியும், காற்று வெளியேறும், படகு நிமிர்ந்துகொள்ளும். மிக்கேலம்மாள் அதற்கென்று பழைய நூலை எடுத்து வைத்திருந்தாள்.

"இந்த ஒரு தையல இத்த நூல்ல ஓட்டுவோம். காத்துக்கு ஒரு வழி வேணும்ல."

"ஒவ்வொண்ணாப் பொறுக்கிச் சேத்தத நானே பிரிய விடவா? நீ சும்மா கெட."

எல்லாத் தையலையும் மெழுகு நூலில் இரட்டையாக ஓட்டினான். பாய் ஏறியதும் வத்தை பறந்ததைப் பார்த்து எங்களுக்கு வயிறு எரிந்தது. அந்த வருஷம் அவர்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. நான் கேட்டிருக்கிறேன்.

ஐப்பசியில் ஒரு நாள் வியாகுலத்துக்குக் காய்ச்சல். வேதமுத்து தன் கூட்டாளி ஜெபமாலையைத் துணைக்கு அழைத்துக்கொண்டு போனான். மத்தியானம் சொல்லாமல் கொள்ளாமல் வாடைக்காற்று இறங்கியது. ஒவ்வொரு படகாகக் கரைக்கு வந்தது. எல்லாப் பாயும் அந்த நைந்த தையலில் பிரிந்து கந்தல். துணி போச்சே என்று வைதுகொண்டே ஆட்கள் இறங்கினார்கள். காய்ச்சலோடு எழுந்து வந்த வியாகுலம் அந்தக் கந்தல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மாதாவே, எம் பாயும் கிழிஞ்சிருக்கணும்" என்று முனகினான். பக்கத்தில் நின்ற என்னிடம், "கிழிஞ்சிருக்கும்ல? துணிதான அது?" என்று கேட்டான். அந்தத் துணி கிழியாது என்று அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் யார் இருக்கிறார்?

ஜெபமாலையை வேறொரு படகு தூக்கி வந்தது. பாய் காற்றை விடவே இல்லையாம். கயிறு இறுகிப் போய் அவிழ்க்க முடியவில்லையாம். வத்தை அப்படியே சாய்ந்துவிட்டது. இவன் வெளிப்பக்கம் விழுந்தான், வேதமுத்து பாய்க்கு அடியில் போய்விட்டான்.

காற்று ஓய்ந்த பிறகு ஆறேழு பேர் போய் வத்தையைக் கட்டி இழுத்து வந்தோம். பாயைப் புரட்டியபோது பிள்ளை அதற்குள் சுருண்டு கிடந்தான். விரல் நகமெல்லாம் பெயர்ந்திருந்தது. உள்ளேயிருந்து துணியைப் பிராண்டியிருக்கிறான். பாயில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை.

வியாகுலம் மகன் முகத்தைப் பார்க்கவில்லை. மணலில் உட்கார்ந்து பாயின் ஓரத்தை இரண்டு கையாலும் பற்றி இழுத்தான். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தான். ஈறு கிழிந்து ரத்தம் தாடையில் வழிந்தது. நாங்கள் பிடித்தோம், உதறிவிட்டான். ஒரு கிழிசலாவது விழுந்துவிட்டால் பிள்ளை எழுந்து வந்துவிடுவான் என்பது போல இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் மிக்கேலம்மாள்தான் வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"விடுங்க. பிள்ளையத் தூக்கணும்."