விழுந்தவளுக்குப் பத்து

ஒரு குத்தைக்கூட வாங்கியதில்லை, ஒரு குத்தைக்கூட விட்டதில்லை, நீ எப்படிக் குத்துச்சண்டைக்குப் புள்ளி போடுகிறாய் என்று என்னைக் கேட்காத ஆள் ஈப்போவில் குறைவு. கேட்பவர்களிடம் நான் ஒன்றுதான் சொல்வேன்: முட்டை போட்ட பிறகுதான் ஆம்லெட் நன்றாயிருக்கிறதா என்று சொல்லவேண்டும் என்றால் கோழி மட்டும்தான் சாப்பாட்டுக் கடை நடத்த முடியும். அதோடு பேச்சை முடித்துக்கொள்வார்கள். ஆனால் உள்ளுக்குள் எனக்கும் அது உறுத்தத்தான் செய்தது. அதனால்தான் மற்றவர்களைவிட ஒரு மடங்கு கூடுதலாகப் படித்தேன்.

இந்த வேலைக்கு நான் வந்தது என் மகளால். அவள் குத்துச்சண்டை பழகப் போனாள். கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவது என் வேலை. சும்மா உட்கார்ந்திருக்கிறேனே என்று மணி அடிக்கச் சொன்னார்கள், பிறகு நேரம் பார்க்கச் சொன்னார்கள். மகள் கல்லூரி, சிநேகிதிகள் என்று கழன்றுகொண்டாள். நான் மட்டும் அங்கேயே தங்கிவிட்டேன். வகுப்பில் சேர்ந்து, தேர்வெழுதி, புள்ளி நடுவராகிவிட்டேன். ஆனால் முதல் வருடம் தற்காலிகம்தான். தலைமை நடுவருக்குத் திருப்தியில்லை என்றால், எந்த நாளும் நாற்காலியை எடுத்துவிடலாம்.

பகலில் நான் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். கையுறைக்குள் தண்ணீர் ஊற்றித் தொங்கவிடுவோம். ஊசிமுனை அளவுக்குக் கசிந்தாலும் கழித்துக் கட்டவேண்டியதுதான். மீதி எவ்வளவு அழகாக இருந்தாலும் பேச்சே இல்லை. இதை வைத்து என்னைக் கிண்டல் செய்வார், எங்களோடு புள்ளி போடும் பெரியவர் ஒருவர். பணி ஓய்வு பெற்ற போலீஸ்காரர், இளவயதில் குத்துச்சண்டை ஆடியவர். அவர் கொள்கையும் என் தொழிற்சாலையின் கொள்கையும் ஒன்றுதான்.

"விழுந்தா பத்து-எட்டு. அவ்வளவுதான்லா தங்கச்சி. அதுல என்னா யோசனை?" என்பார்.

தொலைக்காட்சியில் வரும் தொழில்முறைச் சண்டைகளில் அப்படித்தான் வழக்கம். சுற்றை வென்றவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது. ஒருவர் விழுந்துவிட்டால் அவருக்கு இன்னொன்று குறைத்து எட்டு. ஆனால் எங்களுடையது அமெச்சூர். எங்கள் விதிகளில் விழுந்ததற்கென்று தனியாகப் புள்ளி வெட்டு இல்லை. மூன்று நிமிடமும் யார் சுத்தமாக அடித்தார்கள், யார் சண்டையை நடத்தினார்கள் என்று பார்க்கவேண்டும். வீழ்த்திய குத்தும் அந்தக் கணக்கில் வரும், பெரிய குத்தாகவே வரும். மற்றக் குத்துகளையெல்லாம் அது அழித்துவிடாது. கையுறையில் ஓர் ஓட்டை விழுந்தால் கையுறையே போச்சு, சுற்று அப்படியில்லை அண்ணே என்று நான் வாதாடுவேன். அவர் கோப்பியை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டுவார், ஒப்புக்கொள்ளமாட்டார்.

இப்படிக் கோப்பிக் கடையில் வாய் கிழியப் பேசியதை மேடை ஓரத்தில் செய்து காட்ட வேண்டிய நாள் தைப்பிங்கில் வந்தது.

மாநில அணிக்குத் தேர்வு. வழக்கம்போல வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பெண்கள் பிரிவில் கடைசிச் சண்டை. சிவப்பு மூலையில் தாப்பாவிலிருந்து வந்த உயரமான பெண். நீல மூலையில் சுங்கை சிப்புட் பக்கத்திலிருந்து வந்த குள்ளமான பெண். நீலம் வந்த இடம் எதுவென்று அறிவித்தபோது எனக்குப் பக்கென்றது. நான் பிறந்த ரப்பர் தோட்டம் அது. இப்போது பாதி எண்ணெய் எடுக்கும் செம்பனை, பாதி வீடமைப்பு. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியாது. இருந்தாலும் எழுந்துபோய்த் தலைமை நடுவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவர் என்னைவிட இளையவர், மலாய்க்காரர். என்னைக் 'காக்', அதாவது அக்கா என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பேச்செல்லாம் மலாயில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"காக், பேராக்குல எல்லாரும் ஏதோ ஒரு தோட்டத்துலயோ கம்போங்லயோ பிறந்தவங்கதான். வேற ஆளும் இல்ல. உட்காருங்க," என்றார்.

உட்கார்ந்தேன். முதல் சுற்று நீலத்துக்கு, இரண்டாவது சிவப்புக்கு என்று போட்டேன். மூன்றாவதுதான் தீர்மானிக்கும்.

மூன்றாவது சுற்றில் அந்தக் குள்ளப் பெண் வேறு ஆளாக வந்தாள். நீண்ட கைகளுக்கு அடியில் புகுந்து விலாவில் இரண்டு, தலையில் ஒன்று, உடனே வெளியேறிவிடுவாள். சிவப்பு குத்தும்போது அங்கே இருக்கமாட்டாள். இரண்டு நிமிடம் தாண்டியும் இதே கதைதான். சிவப்பின் குத்துகள் கையுறையிலும் தோளிலும் பட்டுப் போயின. சுற்று முழுக்க ஒருத்தி கையிலேயே இருந்தால் எங்கள் விதியில் மற்றவளுக்கு எட்டுதான். இப்படியே முடிந்தால் பத்து-எட்டு நீலத்துக்கு என்று மனசுக்குள் எழுதிவிட்டேன்.

கடைசி அரை நிமிடத்தில் நீலம் இடக்கையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே போனாள். அந்த ஒரு வாய்ப்புக்காகச் சிவப்பு காத்திருந்திருக்கவேண்டும். மேலிருந்து வந்த வலக்கை கன்னத்தில் சுத்தமாக இறங்கியது. நீலம் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். ரெஃப்ரி எட்டு வரை எண்ணினார். அவள் ஐந்துக்கே எழுந்துவிட்டாள், கண் தெளிவாக இருந்தது. மறுபடி தொடங்கியபோது ஒரு தடவை கட்டிப் பிடித்தாள், இரண்டு முறை இடக்கையால் குத்தினாள், மணி அடித்தது. அவள் எழுந்ததற்கு மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. அவளோடு வேனில் வந்த தோட்டத்துச் சனம், "எழுந்துட்டா, எழுந்துட்டா" என்று கத்தித் தீர்த்தது.

பேனாவைப் பிடித்தபடி ஒரு மூச்சு விட்டேன். நீலத்துக்குப் போட்டால் தோட்டத்துப் பாசம் என்பார்கள். சிவப்புக்குப் போட்டால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், என் நாற்காலி பத்திரம். எனக்கு எரிச்சல் வந்தது. என் ஊர்க்காரி என்பதற்காகப் புள்ளி கூட்டுவது எவ்வளவு களவோ, அதே காரணத்துக்காகக் குறைப்பதும் அவ்வளவு களவு. விழாமல் இருந்திருந்தால் பத்து-எட்டு. விழுந்தாள், ஆகவே பத்து-ஒன்பது. நீலத்துக்குப் பத்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பெரியவர் தாளில் சிவப்பு ஜெயித்திருந்தாள். மூன்றாவது நடுவர் முதல் இரண்டு சுற்றையும் நீலத்துக்குக் கொடுத்திருந்ததால் அவர் தாளில் நீலம். என் தாளிலும் நீலம். இரண்டுக்கு ஒன்று, நீலம் மாநில அணிக்குப் போனாள். ஆனால் விழுந்த சுற்றை விழுந்தவளுக்கே கொடுத்தது நான் ஒருத்திதான்.

"என்னா தங்கச்சி, சொந்தத் தோட்டத்துப் புள்ளைய தூக்கி விட்டுட்டியா?" என்றார் பெரியவர், சிரித்துக்கொண்டேதான். அந்தச் சிரிப்பு எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அதைவிட மோசம் அந்தப் பெண் செய்தது. கோப்பையோடு என்னைத் தேடி வந்தாள். கன்னம் வீங்கியிருந்தது.

"ரொம்ப நன்றிக்கா. விழுந்தவொடனே எல்லாம் போச்சுன்னு நெனச்சேன். நீங்க நம்ம தோட்டத்துல பிறந்தவங்கன்னு எங்க சனம் சொன்னாங்க, அதப் பாத்து காப்பாத்திட்டீங்க."

"நான் யாரையும் காப்பாத்தலமா. நீ அடிச்சதுக்குத்தான் போட்டேன்."

"தெரியும்க்கா, வெளிய சொல்ல மாட்டேன்," என்று என் கையைப் பிடித்துக் கண்ணடித்தாள்.

எதிரி சொன்னால் பரவாயில்லை. ஜெயித்தவளே ஓசியில் கிடைத்ததென்று நினைக்கிறாளே என்று எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளே வாட்சாப்பில் சண்டை பரவியது. சண்டை என்றா சொன்னேன், அந்தக் குத்து மட்டும். உயர்ந்த கை, இறங்கிய கை, பொத்தென்று விழுதல், அவ்வளவுதான் காணொளி. கீழே, இதற்குப் பத்து போட்ட நடுவர் யார் என்று கேள்வி. எங்கள் தொழிற்சாலையில்கூட ஒருத்தி, "அக்கா, இது நீங்களா?" என்று காட்டினாள். தாப்பா குத்துச்சண்டைச் சங்கம் புகார் கொடுத்தது. தலைமை நடுவர் கூப்பிட்டார்.

"முடிவு மாறாது காக். ஆனா உங்க பேரு கேள்வியில இருக்கு. சனிக்கிழமை எல்லா நடுவரையும் வரச் சொல்லியிருக்கேன். அந்தச் சுற்றை நீங்க விளக்கணும். எனக்கு சரியாப் படலன்னா நாற்காலி கிடையாது. முழுச் சுற்றோட வீடியோ இருந்தா கொண்டு வாங்க, எனக்கு வந்ததெல்லாம் விழுற இடம்தான்."

தோட்டத்துக்காரர்களிடம் கேட்டேன். வேனில் வந்தவர்களில் பாதிப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்திருந்ததை நானே பார்த்தேன். அவர்கள் வைத்திருந்தது அவள் எழுந்தது, கை தூக்கியது, கோப்பை வாங்கியது. அவள் அடித்த இரண்டு நிமிடத்தை அவள் ஆட்களே எடுக்கவில்லை. முழுச் சண்டையையும் எடுப்பவர் ஒருவர்தான் இருப்பார், தன் வீராங்கனையின் குறை பார்க்க நினைக்கும் பயிற்சியாளர். நீலத்தின் பயிற்சியாளரைக் கேட்டேன், கைப்பேசியில் இடமில்லாமல் முதல் சுற்றோடு நின்றுவிட்டது என்றார். மிச்சம் சிவப்பின் பயிற்சியாளர். தாப்பா சங்கத்தின் பேரில் என்மேல் புகார் கொடுத்தவரே அவர்தான்.

போகாதே, அவமானப்படுத்துவான் என்று வீட்டில் சொன்னார்கள். போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்று, வெள்ளிக்கிழமை விடுப்பெடுத்துத் தாப்பாவுக்குக் காரை ஓட்டினேன்.

அவர் டயர் கடை வைத்திருக்கிறார். லாரிச் சக்கரம் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். சக்கரம் மாட்டி முடியும் வரை வெயிலில் நின்றேன்.

"என் புள்ள மூணு நாளா சாப்பிடல," என்றார் கையைத் துடைத்துக்கொண்டே. "அவ குத்துனது நல்ல குத்து. அதுக்கு நீங்க என்னா கொடுத்தீங்க?"

"ஒரு புள்ளி கொடுத்தேன். எட்டு வாங்க வேண்டிய சுத்து அது உங்க புள்ளைக்கு. அந்தக் குத்தாலதான் ஒன்பது."

"விழுந்தவளுக்கு பத்து."

"விழுறதுக்கு முன்னாடி ரெண்டு நிமிசத்துக்கு மேல சண்டைய நடத்துனது யாரு? வீடியோ உங்ககிட்டதான் இருக்கு, நீங்களே சொல்லுங்க."

அவர் ஸ்டூலை என் பக்கம் தள்ளினார். உட்காரச் சொல்லவில்லை, ஆனாலும் உட்கார்ந்தேன்.

"உங்க தப்ப கண்டுபிடிக்கணும்னுதான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தேன்," என்றார்.

"கண்டுபிடிச்சீங்களா?"

கடைக்குள் போய் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்தார். பிறகு, "பெரிய ஃபைல், வாட்சாப்ல போகாது. பென்டிரைவ் கொண்டாந்தீங்களா?" என்று கேட்டார். கொண்டுபோயிருந்தேன்.

சனிக்கிழமை ஈப்போவில், சத்தத்தை நிறுத்திவிட்டு அந்தச் சுற்றை முழுதாக ஓட்டினார்கள். கைதட்டலும் கத்தலும் இல்லாமல் பார்க்கும்போது சண்டை ரொம்பத் தெளிவாக இருக்கிறது. சுத்தமாகப் பட்ட ஒவ்வொரு குத்துக்கும் நான் கை நீட்டினேன். சிவப்பினுடையதையும் விடவில்லை. அந்தப் பெரிய குத்து வந்தபோது, "இது இந்தச் சுத்துலயே சிறந்த குத்து, மறுக்கல" என்றேன். அவள் எழுந்து நின்றபோது, "இதுக்கு ஒன்னும் இல்ல. எழுந்ததுக்குப் புள்ளி கிடையாது" என்றேன்.

"விழுந்தா விழுந்ததுதான் தங்கச்சி. நான் மாத்த மாட்டேன்," என்றார் பெரியவர். பிறகு, "ஆனா அன்னைக்கு நான் கேட்டது தப்பு. நீ தூக்கி விடல," என்றார்.

தலைமை நடுவர் இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தார். "நானா இருந்தா சிவப்புக்கு ஒரு புள்ளியில கொடுத்திருப்பேன் காக். இதுல ரெண்டு நேர்மையான ஆளுங்க சண்டை போட்டுக்கலாம். உங்க நாற்காலி உங்களுக்குத்தான்," என்றார். அவர் ஒத்துக்கொள்ளவில்லையே என்று எனக்குக் கோபம்தான். இப்போதும் நான் போட்ட பத்து சரி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இனி எத்தனை பேர் விழுந்தாலும் மூன்று நிமிடத்தையும் பார்த்துத்தான் போடுவேன் என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தேன்.

என் வேலை அதோடு முடிந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிறு தோட்டத்துக்குப் போய், அந்தப் பெண்ணின் வீட்டுத் தொலைக்காட்சியிலேயே பென்டிரைவைச் செருகினேன். தான் விழும் இடத்தைத் தாண்டி ஓட்டிவிட அவள் ரிமோட்டை எடுத்தாள். கையைத் தட்டிவிட்டேன். மூன்றாவது சுற்று தொடங்கியது.

"இதெல்லாம் நான் பாத்ததே இல்லக்கா," என்றாள். "எல்லாரும் நான் விழுறத மட்டுந்தான் அனுப்புனாங்க."

"பாரு. பேசாம பாரு."

விலாவில் இரண்டு, தலையில் ஒன்று. மறுபடியும். மறுபடியும். அவள் நாற்காலியின் முன்பக்கத்துக்கு நகர்ந்து வந்துவிட்டாள். தான் விழுந்தபோது கண்ணை மூடவில்லை. மணி அடித்து முடிந்த பிறகும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க காப்பாத்தல இல்லக்கா?"

"இல்ல."

"அக்கா, நான் ஜெயிச்சிருக்கேன்க்கா," என்றாள்.

கோப்பை அந்தத் தொலைக்காட்சிக்குப் பக்கத்திலேயே இருந்தது. வாங்கி வந்த நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். அவள் எழுந்து போய் அதை முதல் தடவையாகத் துடைத்தாள்.