பெரியப்பா வீசிய டைமன் ஜாக்கி

எங்கள் லயத்து வீட்டு வரிசையில் முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தில் பெரியப்பாவை ஜெயித்தவர் கிடையாது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் என் கண் முன்னாலேயே, சின்னப் பிள்ளைகூடச் செய்யாத தப்பைச் செய்து ஆட்டத்தைத் தோற்றார். நான் அவரோடு பல நாள் பேசவில்லை. அதை அவர் கவனித்தாரா என்பதும் எனக்குத் தெரியாது.

மலைநாட்டில், டிக்கோயா டவுனுக்கு மேலே இருந்தது எங்கள் தேயிலைத் தோட்டம். அது அடைமழைக் காலம். அம்மாவுக்குப் பிரசவ வலி எடுத்து, விடிந்தும் விடியாமலும் தோட்டத்து லொறியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அப்பா கூடப் போனார். லொறி போன பின்னால் பாதையில் மண் சரிந்துவிட்டது. அம்மாவைப் பார்க்கப் புறப்பட்ட மாமா, அம்மாவின் தம்பி, பாதி வழியில் திரும்பி வந்து ஈரத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பெரியம்மா அடுப்பு முன்னால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நான் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கீழே ஏதாவது சத்தம் கேட்டால் லொறியாக இருக்குமோ என்று ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். அது ஒவ்வொரு தடவையும் மழையாகவே இருந்தது.

"இப்படி ஆளுக்கொரு மூலையில குந்தியிருந்தா என்ன ஆகப்போவுது? அந்தச் சீட்டுக்கட்ட எடுங்க" என்றார் பெரியப்பா. "நாலாவது கைக்குப் புள்ள இருக்கு."

நாலாவது கை நான்தான். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். பெரியவர்கள் ஆடும்போது எட்டி நின்று பார்த்ததோடு சரி. பெரியப்பா ஆறையும் அதற்குக் கீழுள்ள சீட்டுகளையும் ஒதுக்கிவிட்டு மற்றதை என் முன்னால் பரப்பினார். இந்த ஆட்டத்தில் ராஜாவும் ராணியும் பெரிய ஆட்கள் இல்லை, ஜாக்கிதான் எல்லாவற்றுக்கும் மேல். ஜாக்கிக்கு முப்பது, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து. ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு. எட்டும் ஏழும் வெறும் சீட்டு. நாலு இனத்தையும் கூட்டினால் முந்நூற்றி நாலு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஒரு கட்சி. முதல் நாலு சீட்டு கைக்கு வந்ததும், எத்தனை புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். நூற்றி அறுபதுக்குக் குறைந்து கேட்க முடியாது. கேட்டவர் தனக்குப் பிடித்த இனத்தில் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், அதுதான் துருப்பு. பிறகு மிச்ச நாலு சீட்டும் வரும். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதையே போட வேண்டும், இல்லாவிட்டால் துருப்பால் வெட்டலாம். கேட்டதை எடுத்தால் எதிர்க்கட்சி ஒரு புளியங்கொட்டை தரும், எடுக்காவிட்டால் நாம் இரண்டு தர வேண்டும்.

பெரியப்பாவும் நானும் ஒரு கட்சி. மாமாவும் பெரியம்மாவும் எதிர்க்கட்சி. கொட்டைகளைப் பங்கு வைக்கும்போதே நான் மனசுக்குள் ஒன்றை முடிவுசெய்துவிட்டேன். நாங்கள் ஜெயித்தால் அம்மா வந்துவிடுவாள். யாரும் சொல்லவில்லை, நானாகவே தீர்மானித்ததுதான்.

முதல் ஆட்டங்கள் எங்களுக்கே வந்தன. பெரியப்பா என் முகத்தைப் பார்த்தே என் கையில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்வார் போலிருந்தது. எனக்கு வேண்டிய நேரத்தில் வேண்டிய சீட்டு அவரிடமிருந்து விழுந்தது. எங்கள் பக்கம் கொட்டைகள் சேரச் சேர, லொறி தோட்டத்துப் பாதையில் ஏறி வந்துகொண்டிருப்பதாகவே நினைத்தேன்.

அப்போதுதான் தலையில் சாக்கை முக்காடு போட்டுக்கொண்டு ஒரு ஆள் வாசலில் வந்து நின்றார். தோட்டத்திலேயே டெலிபோன் இருந்த ஒரே இடமான ஆபீசில் வேலை செய்கிறவர். பெரியப்பா எழுந்து மழையிலேயே இறங்கிப்போய் அவரோடு பேசிவிட்டு, தலை துவட்டாமல் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"என்னவாம்?" என்றார் மாமா.

"ஸ்டோருல பெல்ட்டு அந்து போச்சாம். நாளைக்கு வெள்ளனவே வரச் சொல்றாங்க. சீட்டப் போடுங்க."

பெரியப்பாவுக்குத் தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தொழிற்சாலையில்தான் வேலை என்பதால் யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. சீட்டு போட்டார்கள். என் கையில் ஆட்டின், அதாவது சிவப்பு இதய இனத்தின், ஜாக்கியும் ஒன்பதும் வந்திருந்தன. "நூத்தி அறுவது" என்றேன். யாரும் மேலே கேட்கவில்லை. ஆட்டினைத் துருப்பாகக் கவிழ்த்தேன்.

பாதி ஆட்டத்திலேயே துருப்பு எதுவென்று தெரிந்துவிட்டது. பெரியம்மா டைமன் இறக்கினாள். நான் எட்டைப் போட்டேன். மாமாவிடம் டைமன் இல்லை, துருப்பால் வெட்டினார். அந்தப் பிடி அவர்களுக்குப் போய்விட்டது. கடைசியாகப் போட வேண்டியவர் பெரியப்பா. அப்படிப்பட்ட நேரத்தில் இருப்பதிலேயே ஒன்றுக்கும் ஆகாத சீட்டைத்தான் தள்ளிவிட வேண்டும். பெரியப்பா டைமன் ஜாக்கியை எடுத்து வீசினார். முப்பது, சும்மா எதிர்க்கட்சிக்கு.

வேறு டைமன் இல்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அடுத்து மாமா எதையோ இறக்க, பெரியப்பா டைமன் ஏழைக் கழித்தார்.

ஆட்டம் முடிந்து எண்ணினால் கேட்டதற்குக் குறைந்தது. அந்த முப்பது இருந்திருந்தால் எடுத்திருப்போம். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

"ஏழு கையில இருக்கையில ஜாக்கியப் போட்டீங்களே! கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

"பெரியவங்ககிட்ட பேசுற பேச்சா இது?" என்று மாமா கையை ஓங்கினார்.

"விடுங்க தம்பி" என்றார் பெரியப்பா. ஊரே பயப்படுகிற மனுசர், "புள்ள சொல்றது சரிதான். நாந்தான் பாக்காம போட்டுட்டேன்" என்று இரண்டு கொட்டைகளை எடுத்து எதிர்ப்பக்கம் வைத்தார். "இன்னொன்னு போடுங்க." அதற்கப்புறம் ஆடிய எல்லாவற்றையும் தோற்றோம். அவர் நிறுத்தவே விடவில்லை. மழை வெறித்த பிறகு மாமாவை மட்டும் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போனார்.

மறுநாள் பாதை திறந்தது. அம்மா மட்டும் வெகுநாள் வரவில்லை. வந்தபோது மெலிந்து, வெளுத்து, வெறுங்கையோடு வந்தாள். தம்பி பிறக்கும்போதே போய்விட்டான் என்று பெரியம்மா என்னிடம் சொன்னாள். அம்மாவைப் பார்த்து அழக் கூடாது என்றும் சொன்னாள்.

அழாமலிருக்க வேறு பேச்சு வேண்டுமே. அம்மாவின் பாயில் படுத்துக்கொண்டு பெரியப்பாவைப் பற்றிக் கோள் சொன்னேன். ஜாக்கியை வீசியது, ஏழைக் கையில் வைத்திருந்தது எல்லாவற்றையும். அம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு முன்னாடி நல்லாத்தானே ஆடுனாரு?"

"ஆமாம்மா. ஆபீசு ஆளு வந்து பேசிட்டுப் போனாரா, அதுக்கப்புறந்தான் இப்படி."

"ஆபீசு ஆளா? எப்ப வந்தாரு?"

"மழை கொட்டயில. ஸ்டோருல பெல்ட்டு அந்து போச்சுன்னு சொல்ல வந்தாரு."

அம்மா கேட்பதை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். நான் சொன்னதில் அவளுக்கும் கோபம் வந்துவிட்டது என்று எனக்குத் திருப்தியாக இருந்தது.

கணவரின் அண்ணன் முன்னால் அம்மா நின்று பேசியதே இல்லை. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் என்னைவிட்டுத்தான் கேட்பாள். அன்று சாயங்காலம் பெரியப்பா வாசலைக் கடந்து போகையில், எழுந்திருக்கவே கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தும், அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

"உள்ள வந்து உக்காருங்க. தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்த்து.

பெரியப்பா வந்து உட்கார்ந்தார். அம்மா தன் கையாலேயே தேத்தண்ணி ஊற்றி, இருந்த சீனி முழுவதையும் அதில் போட்டுக் கொடுத்தாள். அவர் குனிந்த தலை நிமிராமல் குடித்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது. கைக்கு வந்த ஆட்டத்தைக் கெடுத்த மனுசருக்கு இத்தனை உபசாரம் எதற்கு என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.