பூசையறைக் கதவில் யார் காலை யார் பிடிப்பது?

இந்த நேரத்தில் குழுவில் எழுதுவதற்கு மன்னியுங்கள், பாப்பா இப்போதுதான் தூங்கினாள்.

புது வீட்டின் பூசையறைக் கண்ணாடிக் கதவுக்கு மணலடித்துப் பதிக்கும் எட்சிங் படம் தேர்ந்தெடுக்க, இன்று குடும்பத்தோடு செவ்வாய்ப்பேட்டைக் கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தோம். கணவருக்குப் பாற்கடல் பிடித்துவிட்டது. அலைகள், மலைகள், பாம்பின்மேல் பெருமாள், காலடியில் சின்னதாக லட்சுமி.

"அந்தம்மா ஏனுங்க காலை அமுக்குது?" என்று பாப்பா கடைக்காரரைக் கேட்டாள்.

"சாமிக்குக் கால் நோவுது கண்ணு."

"சாமி படுத்துட்டுத்தானுங்க இருக்குது?"

கல்லூரியில் பெண்ணியம் படித்த எனக்கு ஒரே பெருமை. அதற்குள் அவள், "எங்கூட்ல அப்பாதானுங்க அம்மா காலை அமுக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

கணவர் மின்விசிறியைப் பார்த்தார். நான் மாமியாரைப் பார்த்தேன்.

மாமியார் கடைக்காரரிடம் திரும்பினார். "அப்ப மாத்திப் போடுங்க தம்பி. அந்தம்மாளும் எத்தனை காலத்துக்குத்தான் உக்காந்தே கெடக்கும்?"

"வரைஞ்சு தர்றனுங்க. ஆனா கண்ணாடில மணலடிச்சுட்டா அழிக்க முடியாதுங்க. காலைல உறுதியாச் சொல்லிப்போடுங்க."

முடிவை என் தலையில் கட்டிவிட்டு எல்லோரும் தூங்குகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்கு வரப்போகும் சொந்தபந்தங்களை நினைத்து, பெண்ணியம் படித்த நான்தான் விழித்துக்கொண்டிருக்கிறேன்.

லட்சுமி படுக்கலாமா, வேண்டாமா? தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.